ஒரே வரைவி, ஆயிரம் வரிகள்: ஸ்விங்கின் மரக்காட்சி

கோப்புறைகளை ஒன்றனுள் ஒன்றாக விரித்துக் காட்டும் பட்டியலைக் கணினித் துறையினர் மரக்காட்சி என்பர். அதன் முதல் உறுப்பு வேர், மேலும் பிரியாத உறுப்பு இலை, பொதுவாக எந்த உறுப்பும் கணு. மேசைக்கணினிச் செயலிகளுக்கு வேண்டிய சாளரம், பொத்தான் முதலியவற்றை ஆயத்தமாகத் தரும் ஸ்விங் தொகுப்பு, 1998 டிசம்பரில் ஜாவா 1.2 பதிப்புடன் சேர்ந்து வெளிவந்தது. அதில் மரக்காட்சிக்கு உரிய கூறு ஜேட்ரீ. இதன் தோற்றத்தை மாற்ற முனையும் நிரலாளர் தடுமாறுவதெல்லாம் பெரும்பாலும், திரையில் தெரியும் ஒவ்வொரு வரியையும் தனித்தனிப் பொருளாக எண்ணிவிடுவதால்தான்.

உண்மையில் அங்கே தரவு வேறு, அதை வரைவது வேறு. எந்தக் கணுவின் கீழ் எவை உள்ளன என்பதை மாடல் என்னும் பகுதி அறியும். வரையும் வேலை ரெண்டரர் எனப்படும் வரைவிக்கு உரியது. ஆயிரம் கணுக்கள் இருந்தாலும் வரைவி ஒன்றுதான். ஒவ்வொரு வரிக்கும் ஜேட்ரீ அதை அழைத்து, கணுவின் மதிப்பு, அது தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளதா, விரிந்துள்ளதா, இலையா என்பன போன்ற செய்திகளைத் தருகிறது. அவற்றுக்கேற்ப வரைவி எழுத்தையும் படவுருவையும் மாற்றிக்கொள்ள, அந்தத் தோற்றம் ரப்பர் முத்திரை குத்துவதுபோல உரிய இடத்தில் பதிக்கப்படுகிறது. நினைவகத்தை இவ்வளவு சிக்கனமாகக் கையாளும் இவ்வமைப்பு பாராட்டத்தக்கது. ஆனால் அது கவனத்தையும் கேட்கிறது. படிக்காத மடல்களைத் தடித்த எழுத்தில் காட்ட விரும்பும் ஒருவர், படித்த மடல்களுக்கு எழுத்துருவை மீண்டும் இயல்பாக்க மறந்தால், அடுத்து வரும் வரிகளும் தடித்தே தெரியும்.

படவுருக்களை மட்டும் மாற்றுவதற்குப் புதிய வரைவி தேவையில்லை. இலை, விரிந்த கிளை, மூடிய கிளை ஆகிய மூன்றுக்கும் உரிய படங்களை இயல்பு வரைவியிடமே கொடுத்துவிடலாம்.

தேர்வுப்பெட்டி வைப்பதுதான் கடினம். வரைவி காட்டுவது பதிந்த உருவம் மட்டுமே என்பதால், அதிலுள்ள பெட்டியைச் சொடுக்கினால் அது மாறுவதில்லை. திருத்தும்போது அந்த இடத்தில் உண்மையான பெட்டியைக் கொண்டுவந்து நிறுத்தும் எடிட்டர் ஒன்றைத் தனியே எழுதுவதோ, மரத்தின் மீது விழும் சொடுக்கைக் கவனித்து மாடலில் மதிப்பை மாற்றி, வரியை மீண்டும் வரையச் செய்வதோ வேண்டும். சுட்டியை மேலே வைத்தால் தோன்றும் சிறுகுறிப்புக்கும் இத்தகைய ஒரு தேவை உண்டு: வரைவியில் குறிப்பை எழுதிவைத்தால் மட்டும் போதாது, சிறுகுறிப்பு மேலாளரிடம் மரத்தையும் பதிவு செய்தாக வேண்டும்.