பற்பசையில் தோரியம்! பதறியது அமெரிக்கா!

பெரியதாழையிலிருந்து கரையோரமாகக் கன்னியாகுமரியைத் தாண்டினால் மணவாளக்குறிச்சி. அங்குள்ள கடல் மணலில் கதிர்வீச்சு வீசும் தோரியம் இருப்பதை 1909-ல் கண்டுபிடித்தவர் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன்காரர்.

இதே தோரியத்தைப் பற்பசையில் கலந்து விற்றது பெர்லின் கம்பெனி ஒன்று! பெயர் 'டோராமாட்'. தேய்த்தால் ஈறு பலப்படும், கிருமி ஓடும், பல்லு பளபளக்கும் என்று ஒரே ஜம்பம்.

இரண்டாம் உலகப் போரின்போது பாரிசில் இருந்த தோரியத்தை அந்தக் கம்பெனி அள்ளிச் சென்றது. 'அணுகுண்டுக்குத்தான்!' என்று பதறியது அமெரிக்காவின் 'அல்சோஸ்' உளவுப்படை. துப்புத் துலக்கப் போனால்... பல் துலக்கவாம்!

சிரிப்பு இருக்கட்டும். உடம்புக்குள் தங்கினால் தோரியம் புற்றுநோயைக் கொண்டுவரும். விளம்பரத்தை நம்பி வாயைத் திறக்காதீங்க. பல்லுக்கு வேப்பங்குச்சி போதும்!