ஜாக்கி தூக்கும், தாங்காது

நாமக்கல், திருச்செங்கோட்டு லாரிகள் வடமாநிலச் சாலைகளில் பழுதாகி நிற்பதை நாம் காண்கிறோம். பட்டை முறிந்தோ காற்று இறங்கியோ வண்டி தாழ்ந்துவிட்டால், அச்சின் அடியில் ஜாக்கி நுழைய இடமிராது.

அப்பொழுது தாழ்ந்த சக்கரத்தைத் தடித்த பலகையின்மேல் மெல்ல ஏற்றி நிறுத்துதல் வேண்டும். தரை சமமாகவும் கெட்டியாகவும் இருத்தல் அவசியம். கைப்பிரேக்கைப் போட்டு, மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்த பின்னரே ஜாக்கியை அச்சின் அடியில் பொருத்தலாம்.

எண்ணெய் ஜாக்கி, 17-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்ட விதியால் இயங்குகிறது. சிறிய உருளையில் நாம் தரும் அழுத்தம், எண்ணெய் வழியே பெரிய உருளைக்குப் பரவிப் பன்மடங்கு விசையாகிறது. ஆயினும் அவ்வெண்ணெயைக் காப்பவற்றுள் வளையமும் திருகும் அடங்கும். அவற்றில் கசிவு நேர்ந்தால் வண்டி இறங்கிவிடும்.

ஆகையால் உயர்த்தியவுடன் அச்சின் அடியில் உறுதியான மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, சுமையை அவற்றின்மேல் இறக்க வேண்டும். செங்கல் ஆகாது, திடீரென நொறுங்கும். வண்டியை அசைத்துப் பார்த்த பிறகே அடியில் புகலாம்.

இதற்குக் கால் மணி நேரம் ஆகலாம். அடியில் புகுபவர் பெரும்பாலும் கிளீனரே. அவர் பொருட்டு அந்நேரத்தைச் செலவிடுவது ஓட்டுநரின் கடமையாகும்.