காசில்லாப் பந்தயம்

காஞ்சிபுரம் மாவட்டம் இருங்காட்டுக்கோட்டையில் சுமார் 3.7 கிலோமீட்டர் நீளத்துக்குக் கார் பந்தயத் தடம் ஒன்று இருக்கிறது. அங்கே ஓட்டக் கார் வேண்டும், உரிமம் வேண்டும். விரலால் ஓட்டுகிறவர்களுக்கு, 2024 வரை ‘அஸ்பால்ட் 9’ என்ற பெயரில் இருந்த செல்போன் பந்தயம் போதும். பிரான்சின் கேம்லாஃப்ட் நிறுவனம் 2018-இல் செல்போனுக்கு வெளியிட்ட இந்த விளையாட்டு, 2019 அக்டோபரில் நிண்டெண்டோ ஸ்விட்ச் என்ற கையடக்கக் கருவிக்கும் வந்தது. அந்தப் பதிப்பில் திரையைப் பிரித்துக்கொண்டு ஒரே வீட்டில் நாலு பேர் மோத முடிந்தது. விலை? இலவசம்தான், பட்டுச்சேலைக் கடைக்குள் நுழைவது இலவசம் என்கிற மாதிரி! நல்ல காரின் வரைபடங்களைத் துண்டு துண்டாகச் சேர்க்க வேண்டும். பொறுமை போனால் பணம் போகும். பெற்றோரே, பிள்ளைகளிடம் கருவியைக் கொடுக்கும் முன் பணம் கட்டும் வசதிக்குக் கடவுச்சொல் போட்டுவிடுங்கள்.