வலிக்காத புண்

"புண்ணு இருக்குதுங்க சிஸ்டர், ஆனா வலியே இல்லீங்க." துடியலூரிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் நீரிழிவுச் சிகிச்சைக்கு வருவோரில் பலர் இதனை ஒரு நற்செய்தியைப் போலவே சொல்லுகின்றனர். வலி இல்லையென்றால் பெரிதாக ஒன்றும் இராது என்பது நம் எல்லோருக்கும் இயல்பாக உள்ள நம்பிக்கை. நீரிழிவு நோயாளியின் பாதத்திற்கு அந்த நம்பிக்கை சற்றும் பொருந்தாது. உள்ளங்காலில் நாணய அளவுக்குப் புண் இருந்தும் ஒருவர் இயல்பாக நடந்து வருகிறார் என்றால், செவிலியரைக் கவலைக்குள்ளாக்குவது புண்ணைக் காட்டிலும் அந்த வலியின்மையே.

இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்திருக்கும்போது நரம்புகள் மெல்ல மெல்லப் பழுதடைகின்றன. உடலின் மிக நீண்ட நரம்புகள் கால்விரல் நுனி வரை செல்பவை. ஆகவே பாதிப்பும் அங்கேதான் முதலில் தொடங்குகிறது. தொடக்கத்தில் எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, பஞ்சின்மேல் நடப்பது போன்ற மதமதப்பு ஆகியவை இருக்கலாம். பின்னர் அவையும் அடங்கிவிடும். எரிச்சல் நின்றவுடன் நோய் குணமாகிவிட்டது என்று மகிழ்பவர்களும் உண்டு. பல நேரங்களில் நரம்பு முற்றிலும் ஓய்ந்துவிட்டது என்பதே அதன் பொருள். வியர்வையைச் சுரக்கச் செய்யும் நரம்புகளும் பழுதடைவதால் தோல் வறண்டு, குதிகாலில் வெடிப்பு உண்டாகிறது. இவற்றோடு காலுக்குச் செல்லும் இரத்தக் குழாய்களும் அடைபட்டிருந்தால், சிறு காயம்கூட ஆறுவதற்கு வேண்டிய இரத்தம் கிடைப்பதில்லை. பீடி, சிகரெட் பழக்கம் இந்த அடைப்பை விரைவுபடுத்துகிறது.

உணர்விழந்த பாதத்தைப் பற்றி மருத்துவ உலகம் கற்ற பாடத்தில் தமிழ்நாட்டிற்குப் பெரும்பங்கு உண்டு. 1914-ஆம் ஆண்டு கொல்லிமலையில், ஆங்கிலேய மதப்பணியாளர்களின் மகனாகப் பிறந்த பால் பிராண்ட், அறுவை மருத்துவராகி 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோய் கண்டவர்களின் விரல்கள் அந்நோயினாலேயே அழுகி உதிர்கின்றன என்று அக்காலத்தில் பரவலாக நம்பப்பட்டது. பிராண்டும் அவருடன் பணியாற்றியோரும் நோயாளிகளின் அன்றாட வாழ்வை உற்று நோக்கினர். கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்குவது, செருப்பினுள் குத்திக்கொண்டிருக்கும் ஆணியை அறியாமல் நாள்முழுவதும் நடப்பது, உறக்கத்தில் எலி கடிப்பதைக்கூட உணராதிருப்பது என ஒவ்வோர் இழப்புக்கும் ஒரு காரணம் இருந்தது. விரல்களை இழக்கச் செய்தது வலியுணர்வு இல்லாமையே என்பதை அவர்கள் தெளிவாக்கினர். இரவில் எலிகளை விரட்டுவதற்காக நோயாளிகளுக்குப் பூனைகள் வழங்கப்பட்டன என்பது சிரிப்பூட்டும் செய்தியாகத் தோன்றலாம். ஆனால் அது பல விரல்களைக் காத்த வைத்தியம். 1966-இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்ற பிராண்ட், வேலூரில் கற்றவை நீரிழிவு நோயாளிகளின் பாதங்களுக்கும் பொருந்துவதைக் கண்டார். நோய் வேறு, பாதம் பழுதாகும் வழி ஒன்றே.

இந்த வரலாற்றை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. வலி என்னும் காவலாளி பணியிலிருந்து நீங்கிவிட்டால், அந்த இடத்தில் வேறொரு காவலை அமர்த்த வேண்டும். மருத்துவமனையில் அப்பணியைச் செவிலியர் செய்கின்றனர். வீட்டில் அதனைச் செய்ய வேண்டியவர் நோயாளியும் அவருடைய குடும்பத்தாரும்தாம்.

மருத்துவமனையில் செய்யப்படும் பாதப் பரிசோதனை எளிமையானது. நைலான் இழை ஒன்றை உள்ளங்காலின் சில இடங்களில் அது வளையும் அளவுக்கு அழுத்துவோம். அந்த அழுத்தம் 10 கிராம் எடைக்கு ஈடானது. நோயாளி கண்களை மூடிக்கொண்டு, தொடுவதை உணரும்போது சொல்ல வேண்டும். அருகிலிருக்கும் உறவினர் பலர், "அப்பா, இப்பத் தொடறாங்க பாருங்க" என்று அன்பு மிகுதியால் எடுத்துக் கொடுத்துவிடுகின்றனர்! இது தேர்வன்று, உண்மை தெரிந்தால்தான் பயன் உண்டு. இசைக்கவையை எலும்பின்மேல் வைத்து அதிர்வுணர்வைப் பார்ப்பதும், பாதத்தின் மேற்புறத்திலும் கணுக்காலின் உட்புறத்திலும் நாடித்துடிப்பைத் தொட்டு அறிவதும் இப்பரிசோதனையின் பகுதிகள். நீரிழிவு உள்ள ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இது நடைபெற வேண்டும். உணர்வு குறைந்தவர்களுக்கு ஆறு மாதத்திற்கு ஒருமுறையோ, அதனினும் அடிக்கடியோ தேவைப்படும். முன்னரே புண் வந்து ஆறியவர்கள் ஒன்று முதல் மூன்று மாதங்களுக்குள் மீண்டும் காட்டுவது நல்லது. ஒருமுறை புண் வந்த பாதத்தில் மறுபடியும் வருவதற்கான வாய்ப்பு மிகுதி.

ஆண்டில் ஒருநாள் நாங்கள் பார்க்கிறோம். மற்ற நாட்களில் யார் பார்ப்பது? நோயாளி தாமே பார்த்துக்கொள்ளலாம் என்பது ஏட்டில் எளிது. முதுமையில் குனிந்து உள்ளங்காலைத் திருப்பிப் பார்ப்பது பலருக்கு இயலாது. நீரிழிவால் கண்பார்வையும் மங்கியிருக்கலாம். தரையில் ஒரு கண்ணாடியை வைத்து அதில் பார்க்கலாம் என்றாலும், வீட்டிலுள்ள ஒருவர் நாள்தோறும் மாலையில் இரண்டு நிமிடம் ஒதுக்கி நல்ல வெளிச்சத்தில் பார்ப்பதே மேலானது. பெரியவர்கள் தம் காலைப் பிள்ளைகளோ மருமகளோ தொட்டுப் பார்ப்பதற்குக் கூச்சப்படுகின்றனர். அந்தக் கூச்சத்தினால் தாமதமாகும் ஒரு வாரத்தில் ஒரு சிறு கொப்புளம் எலும்பு வரை சென்றுவிடக்கூடும். பெயரன் பெயர்த்திகளிடம் இப்பணியை ஒப்படைத்துப் பாருங்கள். குழந்தைகளின் கண்கள் கூர்மையானவை; அவர்கள் இதில் கூச்சமும் பார்ப்பதில்லை.

பார்க்கும்போது விரலிடுக்குகளை விரித்துப் பாருங்கள். வெண்மையாக ஊறிய தோல், வெடிப்பு, கொப்புளம், சிவப்பு, நகத்தின் ஓரத்தில் வீக்கம், தடித்த காய்ப்பு ஆகியவற்றைத் தேடுங்கள். காய்ப்பின் நடுவே கருஞ்சிவப்பு நிறம் தெரிந்தால் அதன் அடியில் இரத்தம் கசிந்திருக்கிறது என்று பொருள். அதுவே புண்ணின் முதல் அறிகுறி. பெண்களுக்கு மெட்டிக்கு அடியிலும் பார்க்க வேண்டும். கால் வீங்கும் நாட்களில் மெட்டி விரலை அறுப்பதை உணர்விழந்த விரல் தெரிவிக்காது. மெட்டியைக் கழற்றுவதற்கு மனம் ஒப்பாதவர்கள் தளர்வானதாக மாற்றிக்கொள்ளலாம்.

காலைக் கழுவ வெதுவெதுப்பான நீர் போதும். நீரின் சூட்டைக் காலால் அறிய முற்படாமல், முழங்கையாலோ வேறொருவர் கையாலோ பார்த்துக்கொள்ளுங்கள். வெந்நீரில் காலை ஊற வைப்பதும், வெந்நீர்ப் பையை ஒத்தடமாக வைப்பதும் வேண்டா. கழுவியபின் விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைத்து, வறண்ட தோலில் தேங்காய் எண்ணெய் தடவலாம். இடுக்குகளில் மட்டும் தடவக் கூடாது. நகத்தை நேராக வெட்டுங்கள். கால் ஆணியையும் காய்ப்பையும் பிளேடால் சீவுவதும், கடையில் விற்கும் ஆணி பிளாஸ்திரியை ஒட்டுவதும் மிகத் தீங்கானவை. அந்தப் பிளாஸ்திரியிலுள்ள அமிலத்துக்கு நல்ல தோலும் ஒன்றே, கெட்ட தோலும் ஒன்றே.

நம் பகுதி மக்களுக்குச் செருப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தென்னந்தோப்பிலும் வாழைத் தோட்டத்திலும் வெறுங்காலுடன் இறங்குவது இங்கே பழக்கம். லேத் பட்டறையின் தரையில் இரும்புப் பிசிறு கிடக்கும். வேலமுள் குத்தி உள்ளேயே முறிந்துவிட்டால், உணர்வுள்ளவர் அன்றே எடுத்துவிடுவார். உணர்வற்றவருக்கு அது சீழ் கட்டிய பின்னரே தெரியவரும். வீட்டுக்குள்ளும் செருப்பு அணியுங்கள் என்று நாங்கள் சொல்லும்போது பலர் முகம் சுளிப்பதை அறிவோம். வாசலோடு செருப்பை விட்டுவிடுவது நம் மரபு. வீட்டிற்கென்று தனியாக ஒரு சோடி வைத்துக்கொண்டால் அந்த மரபும் கெடாது. எம்.சி.ஆர். எனப்படும் நுண்துளை ரப்பரால் ஆன மென்மையான உட்தளம், குதிகாலுக்குப் பின்புறம் வார், விரல்களை நெருக்காத அகலமான முன்பகுதி ஆகியவை உள்ள காலணியைத் தேர்ந்தெடுங்கள். இந்த ரப்பர்ச் செருப்பும் வேலூர் வட்டாரத் தொழுநோய்ப் பணியோடு நெருங்கிய தொடர்புடையதே. மாலை நேரத்தில் கால் சற்று வீங்கியிருக்குமாதலால் அப்போது அளவு பார்த்து வாங்குவது நல்லது. ஒவ்வொரு முறையும் அணியுமுன் உள்ளே கைவிட்டுத் துழாவிப் பாருங்கள். கல், ஆணி, குழந்தையின் விளையாட்டுப் பொருள் எதுவும் உள்ளே கிடக்கலாம்.

தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் பழனிக்குப் பாதயாத்திரை செல்வோர் நம் மாவட்டத்தில் ஏராளம். வேண்டுதலைக் கைவிடுமாறு கேட்பது எங்கள் நோக்கமன்று. பங்குனி வெயிலில் தார்ச்சாலையும் கோயில் கற்றளமும் உணர்வற்ற பாதத்தைச் சில நிமிடங்களில் கொப்புளிக்கச் செய்துவிடும். நடப்பவருக்கு அது தெரியாது. ஆகவே புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்னரே பாதப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். உணர்வு குறைந்திருப்பதாகத் தெரிந்தால், நன்கு பழகிய காலணியோடு செல்வது அல்லது குடும்பத்தில் ஒருவர் நடந்து தாம் வண்டியில் செல்வது போன்ற வழிகளை மருத்துவரோடு கலந்து முடிவு செய்யலாம். ஏற்கெனவே புண் உள்ளவர்கள் நடக்கவே கூடாது. நடப்பவர்கள் ஒவ்வொரு தங்குமிடத்திலும் உடன் வருபவரிடம் காலைக் காட்டுங்கள். மாத்திரை, இன்சுலின், உணவு நேரம் ஆகியவை பயணத்தில் மாறுபடும். நெடுந்தொலைவு நடக்கும்போது சர்க்கரை தாழ்ந்துவிடவும் கூடும். கையில் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும்.

இத்தனைக்கும் பிறகு புண் வந்துவிட்டால்? மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், பொடித்த மாத்திரை ஆகிய எதையும் அதன்மேல் இட வேண்டா. அவை புண்ணின் ஆழத்தை மறைத்துவிடுகின்றன. சுத்தமான துணியால் மூடி, அந்தக் காலை ஊன்றாமல், அன்றோ மறுநாளோ மருத்துவமனைக்கு வாருங்கள். இறந்த திசுவை அகற்றி, உப்புநீரால் கழுவிக் கட்டுப் போடுவது சிகிச்சையின் ஒரு பகுதியே. புண்ணின்மேல் உடலின் எடை விழாமல் காப்பது அதனினும் முதன்மையானது. நாள்தோறும் தவறாமல் கட்டு மாற்றிக்கொண்டு, வீட்டில் வழக்கம்போல் நடமாடிக்கொண்டிருந்தால் புண் ஆறாது. வலி இல்லாததால் அந்தக் காலுக்கு ஓய்வு கொடுக்க நோயாளிக்குத் தோன்றுவதில்லை. குடும்பத்தாரே கனிவோடு தடுத்து உட்கார வைக்க வேண்டியிருக்கிறது. சில புண்களுக்குப் பாதத்தோடு படியும் மாவுக்கட்டுப் போடுவதும் இதற்காகவே.

பாதம் கறுத்தாலோ, துர்நாற்றம் வீசினாலோ, சிவப்பு மேல்நோக்கிப் பரவினாலோ, காய்ச்சல் கண்டாலோ, காரணமின்றிச் சர்க்கரை திடீரென உயர்ந்தாலோ இரவென்றும் பாராமல் உடனே வர வேண்டும். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. புண் எதுவும் இல்லாமலே ஒரு பாதம் மட்டும் வீங்கி, சிவந்து, மற்றதைவிடச் சூடாக இருந்தால், அது சுளுக்கு என்று எண்ணித் தைலம் தேய்த்து நடந்துகொண்டிருக்க வேண்டா. உணர்வற்ற பாதத்தில் எலும்புகளும் மூட்டுகளும் உடைந்து நொறுங்கும் 'சார்கோ பாதம்' என்னும் நிலையின் தொடக்கமாக அது இருக்கலாம். அந்நிலையில் நடக்கும் ஒவ்வொரு அடியும் பாதத்தின் வடிவத்தைக் குலைக்கும்.

தொலைவில் வசிப்போர் ஒவ்வொன்றுக்கும் இங்கே வர வேண்டும் என்பதில்லை. 2021-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் நீரிழிவு மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடம் காலிலுள்ள புண்ணைப் பற்றியும் சொல்லுங்கள். ஆரம்பச் சுகாதார நிலையத்திலும் காட்டுங்கள்.

பரிசோதனைக்கு வரும் நாளில் பலர் விழாவுக்கு உடுத்துவதுபோல் புதுச் செருப்பு அணிந்து வருகின்றனர். தயைகூர்ந்து, நாள்தோறும் அணியும் பழைய செருப்பையே அணிந்து வாருங்கள். தோட்டத்துக்கு ஒன்று, பட்டறைக்கு ஒன்று என்று இருந்தால் இரண்டையும் ஒரு பையில் கொண்டு வாருங்கள். அதன் தளம் எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே பள்ளம் விழுந்திருக்கிறது என்பதைப் பார்த்தே, அடுத்த புண் பாதத்தின் எந்த இடத்தில் வரக்கூடும் என்பதைச் செவிலியரால் பெரும்பாலும் சொல்லிவிட முடியும்.