அலரும் இற்செறிப்பும்: சமூக ஊடகங்களில் இளம் பெண்கள் மீதான வசை பற்றிய ஒரு நோக்கு

சமூக ஊடகங்களில் இளம் பெண்கள் எதிர்கொள்ளும் பாலியல் வசைகளைப் பண்பற்ற சிலரின் தனிப்பட்ட கோளாறாகக் கொள்வதே பொதுவழக்காக உள்ளது. இதனால், பரிகாரமும் பாதிக்கப்பட்டவளின் தனிப்பட்ட பொறுப்பாகிவிடுகின்றது. கணக்கை மூடு, படத்தை நீக்கு, பதிலுரைக்காதே என அவளுக்கே அறிவுரை கூறப்படுகின்றது. இவ்வறிவுரையின் சமூக உள்ளடக்கத்தை நாம் ஆராய்தல் அவசியமாகும்.

தமிழிலக்கிய மாணவருக்கு இந்நிலைமை முற்றிலும் புதியதன்று. அகத்திணை மரபிலே களவொழுக்கம் இருவருக்கும் உரியது. எனினும் ஊரார் தூற்றும் அலரின் விளைவாகிய இற்செறிப்புத் தலைவிக்கு மட்டுமே உரியது. தலைவியை அடைய இயலாதவிடத்து, அவளது உருவந்தீட்டிய கிழியை ஏந்தி மடலூர்ந்து தெருவில் வருவேன் என அச்சுறுத்தத் தலைவனுக்கு இடமுண்டு. பெண்ணுக்கோ மடலேறுதல் பொருந்தாதெனத் தொல்காப்பியம் விலக்குகின்றது. படத்தை வெளியிடுவேன் என இன்று மிரட்டுபவனை மடலேறுவோனுடன் சமப்படுத்துவது வரலாற்று நோக்காகாது. ஆயினும், பெண்ணின் பெயரைத் தெருவுக்கு இழுத்தால் அவளே அஞ்சி அடங்குவாள் என்னும் கருத்துநிலை இரண்டிற்கும் பொதுவானதாகும்.

பழைய கருத்துநிலை, புதிய பொருளாதார அமைப்பினுள் புதிய பயனைப் பெறுகின்றது. ஊரலரால் எவரும் இலாபமீட்டவில்லை. சமூக ஊடக நிறுவனங்களோ பயனரின் கவனத்தை விளம்பரதாரருக்கு விற்றே வாழ்கின்றன. 2017 ஆம் ஆண்டில் முகநூல் நிறுவனம், சினக்குறி உள்ளிட்ட உணர்ச்சிக் குறிகளுக்கு விருப்பக் குறியினும் ஐந்து மடங்கு நிறையளித்துப் பதிவுகளை வரிசைப்படுத்தியமை, 2021 இல் வெளிப்பட்ட அதன் உள்ளக ஆவணங்களால் தெரியவந்தது. சினக்குறியின் நிறை 2020 இலேயே பூச்சியமாக்கப்பட்டது. ஆத்திரமூட்டும் பதிவு பரவுவது தற்செயலன்று; அங்கு வசையும் பண்டமாகின்றது.

சட்டமில்லை என்பது பிரச்சினையன்று. 1995 இல் திருத்தப்பட்ட இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவு, சொற்களால் இழைக்கப்படும் பாலியல் தொந்தரவையும் குற்றமாக்கியது. 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பெண்களின் பாதுகாப்பையும் காரணங்காட்டியே கொண்டுவரப்பட்டது. அரசியல் விமர்சனத்தை ஒடுக்க அது வழிவகுக்குமென ஊடகவியலாளரும் மனித உரிமை அமைப்புகளும் எதிர்த்தனர். பெண்ணின் துயரம் அரசின் அதிகார விரிவாக்கத்திற்குச் சாட்டாக்கப்படலாம் என்பதை நாம் மறத்தலாகாது. மேலும், முறைப்பாடு செய்வதே மற்றோர் அலருக்கு வித்தாகும் சமூகத்தில் எச்சட்டமும் ஏட்டளவிலேயே நின்றுவிடும்.

எனவே எதிர்வினை கூட்டாகவே அமைதல் வேண்டும். வசைப்பதிவுகளைத் திகதியுடன் படமெடுத்துப் பேணல், பலர் ஒருங்கே முறையிடல், முறைப்பாட்டிற்குச் செல்பவளுடன் துணைசெல்லல் ஆகியன மாணவர் ஒன்றியங்களும் ஆசிரியர் சங்கங்களும் உடனடியாக மேற்கொள்ளத்தக்க பணிகளாம். பதிலுரைப்பதா மௌனங்காப்பதா என்பதைப் பாதிக்கப்பட்டவளே தீர்மானித்தல் வேண்டும். அவள் மௌனங்காப்பினும் பிறர் மௌனங்காத்தல் தகாது. குறிப்பாக, வர்க்க விடுதலை பற்றி மேடையில் முழங்கிவிட்டு, நண்பர் குழுக்களில் பகிரப்படும் இழிசொற்களை நகைச்சுவையெனக் கடந்துசெல்லும் முற்போக்கு ஆடவர் தம் நிலைப்பாட்டை மீள்பரிசீலனை செய்தல் வேண்டும்.

பெண்ணைப் பொதுவெளியிலிருந்து அகற்றுவதே வசையின் இலக்காகும். விலகிவிடு எனும் அறிவுரை, எத்துணை அன்புடன் கூறப்படினும், அவ்விலக்கையே நிறைவேற்றுகின்றது. அது நவீன இற்செறிப்பேயாம்.