சாம்பாரில் விழுந்த மிளகாய்: வலிமை மிஞ்சிய போகிமானைத் தடை செய்வது எப்படி இயங்குகிறது?

கல்யாண வீட்டு அண்டாவில் சாம்பார் கொதிக்கிறது. துவரம்பருப்பு வெந்து குழைந்துவிட்டது. முருங்கைக்காய், கத்திரிக்காய், சின்ன வெங்காயம், புளி, பெருங்காயம் எல்லாம் அதனதன் அளவில் இறங்கியாயிற்று. இந்த நேரத்தில் ஒரு கைப்பிடி ஊசி மிளகாய் உள்ளே விழுகிறது. இனி முருங்கைக்காயைக் கடித்தாலும் காரம்தான், கத்திரிக்காயைக் கடித்தாலும் காரம்தான். காய்கள் எங்கும் போய்விடவில்லை. ஆனால் எந்தக் காயைப் போட்டிருந்தாலும் ஒன்றுதான் என்றாகிவிட்டது.

கற்பனை உயிரிகளை மோதவிடும் போகிமான் விளையாட்டின் போட்டிகளில் வலிமை மிஞ்சிய ஓர் உயிரியைத் தடை செய்யலாமா என்ற கேள்வியை இந்த அண்டாவை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். செய்யலாம், சில வேளை செய்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் வலிமையாக இருக்கிறது என்பது மட்டும் அதற்குக் காரணமாகாது. மற்ற உயிரிகளைத் தேர்ந்தெடுப்பதற்கே பொருளில்லாமல் அது செய்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். தடை என்ற முடிவு எப்படி உருவாகிறது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

அண்டாவும் சரக்கும்

கேம் ஃப்ரீக் நிறுவனம் உருவாக்கிய முதல் போகிமான் விளையாட்டுகள் 1996-இல் ஜப்பானில் நிண்டெண்டோவின் கேம் பாய் கருவிக்கு வந்தன. ஆளுக்கு ஆறு உயிரிகள் கொண்ட டீம். ஒவ்வோர் உயிரிக்கும் நான்கு மூவ்கள், அதாவது களத்தில் அது செய்யக்கூடிய செயல்கள், வரை வைத்துக்கொள்ளலாம். நெருப்பு, நீர், புல், மின்சாரம் என்று டைப்கள் உண்டு. தொடக்கத்தில் 15, இப்போது 18. நீர் நெருப்பை வெல்லும், நெருப்பு புல்லை வெல்லும், புல் நீரை வெல்லும். ஒவ்வொரு சுற்றிலும் இருவரும் ஒரே நேரத்தில், எதிராளிக்குத் தெரியாமல் முடிவெடுக்க வேண்டும்: களத்தில் இருப்பதை வைத்து அடிப்பதா, அதை உள்ளே இழுத்துக்கொண்டு வேறொன்றை இறக்குவதா? இருவரும் அடிக்க முடிவெடுத்தால், பொதுவாக வேகம் மிகுந்த உயிரி முந்திக்கொள்ளும்.

இடம் ஆறுதான், எதிரில் வரக்கூடியவையோ நூற்றுக்கணக்கு. எல்லாவற்றுக்கும் விடை வைத்திருக்க யாராலும் முடியாது. எதற்கு விடை வைப்பது, எதைத் துணிந்து விட்டுவிடுவது என்று தீர்மானிப்பதில்தான் ஆட்டத்தின் சுவை இருக்கிறது. போட்டி வடிவம் என்பது அண்டா. அதில் ஆட வரும் உயிரிகள் சரக்கு.

காரம் ஏறுவது எப்படி?

இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு முதல் தலைமுறையின், அதாவது அந்த முதல் விளையாட்டுகளின், மியூடூ. அந்தக் காலத்தில் 'ஸ்பெஷல்' என்ற ஒரே எண்தான் சிறப்புத் தாக்குதலுக்கும் சிறப்புத் தற்காப்புக்கும் பயன்பட்டது. மியூடூவுக்கு அது 154. அத்தலைமுறையில் வேறு எதற்கும் அவ்வளவு கிடையாது. வேகம் 130. அதைவிட வேகமானது எலக்ட்ரோட் ஒன்றுதான். 'அம்னீசியா' என்ற மூவை ஒருமுறை பயன்படுத்தினால் ஸ்பெஷல் இரு மடங்காகும், அதாவது அடியும் அரணும் சேர்ந்தே இரட்டிக்கும். அடிபட்டால் 'ரிக்கவர்' பாதி உயிரை மீட்டுத் தரும்.

டைப் வழியாகவாவது மடக்கலாமா? மியூடூ மனோசக்தி டைப். அதை வெல்ல வேண்டிய பூச்சி டைப்புக்கு அப்போது உருப்படியான மூவ் இல்லை. பேய் டைப் அதைக் காயப்படுத்தியிருக்க வேண்டும். நிரலில் நேர்ந்த பிழையால் பேய் டைப் தாக்குதல் மனோசக்தி டைப்பை ஒன்றும் செய்யவில்லை. ஆக, மியூடூவுக்கு நம்பகமான விடை இன்னொரு மியூடூதான். இருவரும் அதையே கொண்டுவந்தால், மற்ற ஐந்து இடங்களில் எது இருந்தாலும் பெரிய மாற்றமில்லை. ஊசி மிளகாய் செய்கிற வேலை இதுதான்.

விளையாட்டைச் செய்தவர்களும் இதை உணர்ந்தே இருந்தார்கள். நிண்டெண்டோ 64 கருவிக்கு வந்த 'போகிமான் ஸ்டேடியம்' விளையாட்டின் போகே கோப்பையில் மியூடூவுக்கும் மியூ என்ற இன்னோர் உயிரிக்கும் இடமில்லை. பிரைம் கோப்பையில் எதை வேண்டுமானாலும் இறக்கலாம். சாப்பிட வருகிறவர்களின் நாக்கு அறிந்து இரண்டு அண்டா வைத்தார்கள்.

கரண்டியில் எடுத்துச் சுவைப்பது

அண்டா முழுவதும் கெட்டுவிட்டதா, ஓர் ஓரத்தில் மட்டும் காரமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆட்டக்காரர்களே 2004-இல் தொடங்கிய ஸ்மோகன் என்ற சமூகம் இதற்கு ஒரு முறையை வளர்த்தெடுத்திருக்கிறது. இது போகிமான் நிறுவனத்தின் அதிகாரபூர்வ அமைப்பு அல்ல. ஆனாலும் ஒற்றையர் ஆட்டத்துக்கு உலகெங்கும் பலர் பின்பற்றுவது இதன் விதிகளைத்தான்.

முதல் படி கணக்கெடுப்பு. 'போகிமான் ஷோடவுன்' என்ற இணையத் தளத்தில் நடக்கும் ஆட்டங்களிலிருந்து, எந்த உயிரி எத்தனை விழுக்காடு டீம்களில் இருக்கிறது என்று எடுக்கிறார்கள். 4.52 விழுக்காட்டுக்கு மேல் போனால் அது 'ஓயூ' எனப்படும் முதன்மைப் பிரிவைச் சேரும். அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது: ஒருவர் 15 ஆட்டம் ஆடினால், அந்த உயிரியை ஒருமுறையாவது சந்திக்க பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு. அதற்குக் கீழே பயன்பாடு குறையக் குறைய அடுத்தடுத்த பிரிவுகள்.

இந்தக் கணக்கு தடைக்குக் காரணம் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். லாண்டோரஸின் தேரியன் வடிவம் பல ஆண்டுகள் ஓயூ பிரிவில் மிக அதிகமாகப் பயன்பட்ட உயிரி. டீமுக்கு டீம் அது இருந்தது, ஆனாலும் தடை வரவில்லை. அது துவரம்பருப்பைப் போன்றது. எல்லாச் சாம்பாரிலும் இருக்கும், மற்றக் காய்களின் சுவையைத் தாங்கி நிற்கும், எதையும் அமுக்காது. எல்லாவற்றிலும் இருப்பது வேறு, எல்லாவற்றையும் மூடிவிடுவது வேறு. இந்த வேறுபாடு புரியாதவர்கள்தான் "எல்லாரும் அதையே ஆடுகிறார்கள், தடை செய்யுங்கள்" என்கிறார்கள்.

இரண்டாம் படி 'சஸ்பெக்ட் டெஸ்ட்' எனப்படும் ஐயச் சோதனை. ஐயத்துக்குரிய உயிரியை அறிவித்து, காலக்கெடு வைக்கிறார்கள். அந்தக் காலத்தில் தரவரிசையில் ஆடி, குறிப்பிட்ட தரத்தை எட்டியவர்களுக்கே வாக்கு. ஓயூ பிரிவில் தடைக்கு 60 விழுக்காடு ஆதரவு வேண்டும். நிலைமை கைமீறிப் போனால், அனுபவமிக்கவர்களின் குழு உடனடித் தடை போடவும் இடமுண்டு. கரண்டியில் எடுத்துச் சுவைத்தவர்தான் காரத்தைப் பற்றிப் பேசலாம் என்பது இதன் சாரம். பாதிக்கு மேல் ஒரே ஒரு வாக்கு என்பது போதாது என்று வைத்ததும் சரியே. ஒருவர் ஆசையோடு வளர்த்த உயிரியை வெளியே அனுப்புகிற முடிவு அது. மயிரிழை வித்தியாசத்தில் எடுக்கக் கூடாது.

காரத்தைத் தணிக்கும் வழிகள்

சமையல் மாஸ்டர் எடுத்தவுடன் அண்டாவைக் கவிழ்க்க மாட்டார். அவர் கையில் பல வழிகள் இருக்கின்றன. போட்டி நடத்துகிறவர்களுக்கும் அப்படியே.

முதல் வழி, கொஞ்சம் கொதிக்க விடுவது. காய்கள் காரத்தை இழுத்துக்கொள்ளும். 'மெகா' என்பது ஆட்டத்தின் நடுவே உயிரி உருமாறி எடுக்கும் வலுவான வடிவம். 2013-இல் வந்த மெகா கங்காஸ்கானுக்கு ஒரு தனித்திறன்: வயிற்றுப் பையில் இருந்த குட்டியும் இறங்கி இரண்டாவது அடியைப் பாதி வலிமையில் கொடுக்கும். ஸ்மோகன் அதை ஒற்றையர் ஆட்டத்தில் தடை செய்தது. அதிகாரபூர்வ இரட்டையர் ஆட்டம் தடை செய்யவில்லை. அதுவும் ஆட இடமிருந்த, 2014-இல் வாஷிங்டனில் நடந்த உலகப் போட்டியில் தென் கொரியாவின் செஜுன் பார்க், பச்சிரிசு என்ற சிறிய மின் அணிலை டீமில் வைத்துப் பட்டம் வென்றார். எதிராளியின் அடிகளைத் தன்மேல் இழுத்துக்கொள்ளும் 'ஃபாலோ மீ' மூவ்தான் அதன் பலம். காத்திருந்தால் இப்படியும் ஒரு விடை முளைக்கும்.

இரண்டாவது, அளவு கட்டுவது. மிளகாய் வேண்டாம் என்று சொல்லாமல், இத்தனைதான் என்று சொல்வது. 2016, 2022 பருவங்களின் அதிகாரபூர்வ விதிகளில், மியூடூ போன்ற பெரும் உயிரிகளை டீமுக்கு இரண்டு வரை மட்டும் சேர்க்க அனுமதித்தார்கள்.

மூன்றாவது, விதையை மட்டும் எடுத்துவிட்டு மிளகாயைப் போடுவது. ஐந்தாம் தலைமுறையில் போலிடோடு களத்தில் இறங்கினாலே முடிவில்லாமல் மழை பெய்தது. மழையில் நீர்த் தாக்குதல் ஒன்றரை மடங்கு. 'ஸ்விஃப்ட் ஸ்விம்' தனித்திறன் உள்ளவற்றுக்கு மழையில் வேகம் இரு மடங்கு. இரண்டும் சேர்ந்தபோது தாங்க முடியவில்லை. ஸ்மோகன் எந்த உயிரியையும் வெளியேற்றாமல், அந்த மழையும் அந்த வேகமும் ஒரே டீமில் சேரக் கூடாது என்று மட்டும் விதித்தது. அதே தலைமுறையில், சுற்றுக்குச் சுற்று வேகம் ஏறும் தனித்திறனைப் பெற்ற பிளாசிக்கனுக்கு இந்தச் சலுகை கிடைக்கவில்லை. அந்தத் திறனை மட்டும் விலக்குங்கள் என்று கேட்டவர்கள் இருந்தும், உயிரியே தடைப்பட்டது.

இது கடுமையாகத் தெரியலாம். எனக்கு இது நியாயமாகவே படுகிறது. பல உயிரிகள் சேர்ந்து உண்டாக்கும் சிக்கலுக்குச் சேர்க்கையைத் தடுப்பது பொருந்தும். சிக்கல் ஓர் உயிரிக்குள்ளேயே இருந்தால், அதன் திறனையும் மூவையும் ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டே போனால் விதிப் புத்தகம் தடிக்கும். புதிதாக வருகிறவர் அதைப் படித்தே களைத்துவிடுவார். காரம் குறைந்த ரகத்தை விளைவிப்பது விவசாயியின் வேலை. 2016-இல் வந்த அடுத்த தலைமுறையில் மெகா கங்காஸ்கான் குட்டியின் அடியைப் பாதியிலிருந்து காலாகக் குறைத்தது விளையாட்டைச் செய்தவர்கள்தான்.

நான்காவது, மிளகாயை எடுத்துத் தனி அண்டாவில் போடுவது. ஸ்மோகனில் தடைப்பட்டவை 'ஊபர்ஸ்' என்ற பிரிவில் ஆடலாம். மியூடூவை நேசிப்பவருக்கு அங்கே இடமுண்டு, காரம் வேண்டியவர் அங்கே உட்காரலாம். 2014-இல் வந்த மெகா ரேக்குவாசா அந்த அண்டாவையும் மீறியது. திறன் எண்களின் கூட்டுத்தொகை 780. மற்ற மெகா உயிரிகள் உருமாறுவதற்கென்றே ஒரு கல்லைக் கையில் வைத்திருக்க வேண்டும். இதற்கு ஒரு மூவ் தெரிந்தால் போதும், கையில் வேறு பொருளையும் வைத்துக்கொள்ளலாம். கடைசியில் அதை ஊபர்ஸிலிருந்தும் எடுத்தார்கள். அதற்காகவே ஏறத்தாழ எல்லாம் செல்லும் 'எனிதிங் கோஸ்' என்ற பிரிவு பிறந்தது.

"நன்றாக ஆடக் கற்றுக்கொள்" என்பவர்களுக்கு

தடையை எதிர்ப்பவர்கள் பச்சிரிசுவைத்தான் காட்டுவார்கள். திறமை இருந்தால் எந்த வலிமைக்கும் விடை உண்டு, தடை சோம்பேறிகளின் புகலிடம் என்பார்கள். இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். அதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் பச்சிரிசு ஆடியது இரட்டையர் ஆட்டம். களத்தில் பக்கத்துக்கு இரண்டு உயிரிகள் நின்றதால்தான் ஒன்று மற்றொன்றுக்காக அடி வாங்க முடிந்தது. ஒற்றையர் ஆட்டத்தில் 'ஃபாலோ மீ'க்குக் காப்பாற்ற ஆளே இல்லை.

2022-இல் வந்த ஃபிளட்டர் மேன் இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. சிறப்புத் தாக்குதல், சிறப்புத் தற்காப்பு, வேகம் மூன்றும் 135. ஸ்மோகனின் ஒற்றையர் ஓயூ அதை விரைவிலேயே வெளியேற்றியது. அதிகாரபூர்வ இரட்டையர் ஆட்டத்திலோ அது எங்கும் நிறைந்திருந்தது, ஆட்டமும் நடந்தது. உயிரி ஒன்றுதான், அண்டா வேறு. எனவே தடை என்பது உயிரியின் மேல் எழுதும் தீர்ப்பு அல்ல. இந்த அண்டாவில் இந்த அளவு தாங்காது என்பது மட்டுமே அதன் பொருள்.

திறமை என்பதும் தேர்வுகள் இருக்கும் இடத்தில்தான் வெளிப்படும். ஒரே விடை உள்ள கேள்வியில் கெட்டிக்காரருக்கும் மற்றவருக்கும் வேறுபாடு தெரியாது. நல்ல தடை, திறமைக்கு இடம் உண்டாக்குகிறது.

மறுபடியும் சுவைப்பது

நான்காம் தலைமுறையில் கார்ச்சாம்ப் என்ற உயிரி தடைப்பட்டது. பின்னாளில் புதிய உயிரிகளும் தேவதை டைப்பும் வந்த பிறகு, அது ஓயூ பிரிவின் சாதாரண உறுப்பினராக ஆடியது. மியூடூவின் கதை வேறு. இரண்டாம் தலைமுறை ஸ்பெஷலைத் தாக்குதல், தற்காப்பு என்று பிரித்தது. மனோசக்தி தொட முடியாத இருள் டைப்பைக் கொண்டுவந்தது. அவ்வளவுக்குப் பிறகும் மியூடூ ஊபர்ஸில்தான் இருந்தது. இரண்டு முடிவுகளும் சரி, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் சுவைத்துப் பார்த்தே எடுத்தவை.

நண்பர்களோடு ஒரு போட்டி நடத்த நினைத்தால் இந்த ஒழுங்கு உங்களுக்கும் பொருந்தும். தொடங்கும் முன்பே விதியை எழுதிக் காட்டுங்கள். ஓர் உயிரிமேல் ஐயம் வந்தால், அதை எதிர்கொள்ள மூன்று நான்கு வெவ்வேறு வழிகளாவது இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த வழிகள் மற்ற உயிரிகளுக்கு எதிராகவும் பயன்படுகின்றனவா, இதற்காக மட்டுமே ஓர் இடத்தை வீணாக்க வேண்டியிருக்கிறதா என்று கேளுங்கள். இதைப் போடாதவர் தோற்கத்தான் வேண்டுமா என்று கேளுங்கள். ஆடிப் பார்த்தவர்களை வாக்களிக்கச் சொல்லுங்கள். தடை போட்டால், அந்த உயிரியை விரும்புகிறவர்களுக்குத் தடையில்லாத ஆட்டம் ஒன்றைத் தனியாக வையுங்கள். புதிய விளையாட்டோ புதிய உயிரிகளோ வரும்போது, பழைய பட்டியலை அப்படியே எடுத்து ஒட்டாமல் முதலிலிருந்து சோதியுங்கள்.