ஒப்பந்தமென்னும் அலங்காரம்

மேடையில் அடுக்குமொழி பொழிவாரைக் கண்டு நகைப்பது நம்மவர்க்கு எளிது. அது காற்றோடு போய்விடும். சர்க்கார் காகிதத்திலும் கம்பெனி ஏட்டிலும் ஏறிய அலங்காரமோ ஜனங்களின் பிழைப்பைத் தொடுகிறது. ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பிரதேசத்தைக் கொண்டே இதனைச் சொல்லுகிறோம்.

மோட்டார் ஆலைகள் பெருகியமையால் சென்னைச் சுற்றுவட்டாரத்துக்கு 'இந்தியாவின் டெட்ராய்ட்' என்று பட்டம் சூட்டினார்கள். அந்த அமெரிக்க நகரமோ 2013ஆம் வருஷம் கடன் தீர்க்க வகையற்றுத் திவால் கோரிக் கோர்ட்டு வாயிலில் நின்றது. பட்டம் இன்னும் பிரசங்கங்களில் பவனி வருகிறது! போகட்டும்.

'புரிந்துணர்வு ஒப்பந்தம்' என்பதை அவ்வாறு விட்டுவிட முடியாது. 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, சட்டத்தின் துணைகொண்டு நிறைவேற்றத்தக்க உடன்பாடே ஒப்பந்தம். முதலீட்டு மாநாடுகளில் கைமாறும் பத்திரங்களோ பெரும்பாலும் உத்தேசத்தைத் தெரிவிப்பன. 2024 ஜனவரியில் சென்னையில் நடந்த மாநாட்டின் முடிவில் இவற்றின் தொகை 6.64 லட்சம் கோடி ரூபாய் என்றார்கள். பிரசங்கிகள் 'ஈர்த்தோம்' என்று இறந்தகாலத்தில் பேசுகையில் உத்தேசம் ரொக்கமாகிவிடுகிறது.

ஆலைகள் வரவேயில்லை என்று நாம் கூறவில்லை. நோக்கியா 2005இல் கையொப்பமிட்டு, 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் கைப்பேசி செய்யத் தொடங்கிற்று. கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் அங்கே சம்பளம் கண்டனர். பின்னர் ஆலை வரி வழக்கில் சிக்கிற்று. 2014இல் மைக்ரோஸாப்ட் அக்கம்பெனியின் கைப்பேசித் தொழிலை வாங்கியபொழுது இவ்வாலையை விலக்கி வாங்கிற்று. நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தி நின்றது. அதற்கு முன்பே ஆயிரக்கணக்கானோர் வேலையைவிட்டு நீங்கியிருந்தனர். ஏட்டில் அதற்கிட்ட பெயர் 'விருப்ப ஓய்வு'.

அவர்களுள் மிகப் பலர் இருபது சொச்சம் வயதினர். அந்த வயதில் ஓய்வை விரும்பினவர் யார்? இது வெறும் சொல்நயமன்று. பெரிய ஆலைகளில் ஆட்குறைப்புச் செய்யச் சர்க்காரின் முன் அனுமதி வேண்டும் என்பது சட்டம். தொழிலாளி தானே விரும்பி ஓய்வு பெற்றால் அது ஆட்குறைப்பாகாது. ஒரு சொல் மாறியது. கேள்வி கேட்கும் உரிமையும் உடன் மாறிற்று.

முதலாளி பக்கத்தில் கட்டுப்படுத்தாத அதே 'ஒப்பந்தம்', 'ஒப்பந்தத் தொழிலாளி' என்று ஏழையின் பெயருக்கு முன் ஒட்டிக்கொள்ளும்பொழுது, வேலை நிரந்தரமில்லை என்பதற்கு மறுபெயராகிறது.

கையொப்பமான ஒவ்வொரு பத்திரத்துக்கும் எதிரே, வந்த ரொக்கம் எவ்வளவு, நிரந்தர வேலை எத்தனை, ஒப்பந்த வேலை எத்தனை என்று ஆலைவாரியாக வருஷந்தோறும் சட்டசபையில் வைக்கவேண்டும். முதற்கணக்கு 2024ஆம் வருஷத்து மாநாட்டினுடையதாக இருக்கட்டும்.